வேலியில் இல்லாத ஓட்டை

மாதா கோயில் ஆண்டுமலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டு, மகளிர் அணியிலிருந்து இரண்டு பெண்கள் மலாக்கா ஆயர் குரோவில் உள்ள என் வீட்டுக்குக் காரில் வந்தார்கள். தலைப்பு, 'அன்றாட வாழ்வில் இறையருள்'.

"ஆன்ட்டி, நீங்க முப்பது வருசம் கவர்மெண்டுல வேலை பாத்தவங்க. எவ்வளவோ பாத்திருப்பீங்க. அந்த எக்ஸ்பீரியன்ஸை எழுதுங்க லா" என்றார்கள்.

என்ன வேலை பார்த்தேன் என்று அவர்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். இப்போது முழங்கால் வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்கப் போவதில்லை. போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

பெண்களைத் தடவிச் சோதிப்பதுதான் என் வேலை. காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர் சண்டை போட்ட அவசரகாலத்தில் ரப்பர் தோட்டத்து கேட்டில் ஆரம்பித்தேன். பிறகு போலீஸ் லாக்கப்பிலும் கோர்ட்டிலுமாக, ஓய்வு பெறும் நாள்வரை அதே வேலைதான். இப்போது விமான நிலையத்தில் மெஷினுக்குள் நடந்து போனால் போதும் என்கிறார்கள். நல்லது. மனிதக் கை செய்ய வேண்டிய வேலை இல்லை அது.

அருள் என்ற சொல்லும் எனக்குப் பிந்தி வந்ததுதான். நான் சிறுமியாக இருந்தபோது மாதா ஜெபத்தில் 'பிரியதத்தம்' என்று சொல்லுவோம். ஞானோபதேச வகுப்பில் 'இஷ்டப்பிரசாதம்' என்று படித்தோம். நாம் சம்பாதிக்காமலே சர்வேசுரன் தருவது என்று அர்த்தத்தையும் ஒப்பித்து, பரிசாக ஒரு சுரூபப் படம் வாங்கியிருக்கிறேன். ஒப்பித்தது மட்டும்தான்.

அலோர் காஜாவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு நெஞ்சுச்சளி, ரப்பர் பால் இறக்க மரம் வெட்டப் போக முடியவில்லை. அவசரகாலம் தொடங்கி இரண்டு மூன்று வருடத்தில் நாங்கள் குடியிருந்த வரிசைவீடுகளான லயத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி வேலி வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக் கூடாது என்பது சட்டம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தின்பதற்கென்று ஒன்றுமே கொண்டுபோகக் கூடாது. ரொட்டி கூடாது, சீனி போட்ட காப்பி கூடாது. சீனியில்லாத வரக்காப்பியை வீட்டிலேயே குடித்துவிட்டு ஐந்தரைக்கு கேட்டைத் தாண்டினால், பால் நிறுத்துத் திரும்பும் மதியம்வரை வெறும் வயிறுதான்.

ஆண்களைச் சோதிக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் தேவைப்பட்டாள். தோட்டத்தில் ஒருத்தியும் முன்வரவில்லை. எனக்கு ஆறாம் வகுப்புப் படிப்பும் மலாயும் தெரியும் என்பதால் தோட்ட ஆபீசுத் தலைமைக் கணக்கரான பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். சரி என்றேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. மலாக்கா பட்டணத்தில் இரண்டு நாள் பயிற்சி. மூன்றாம் நாள் கேட்டில் நின்றேன். அன்று சாயங்காலமே லயத்தில் எனக்குச் 'செக்கிங்காரி' என்று பெயர் வந்துவிட்டது.

எங்களுக்கு மேல் இருந்தவர் மிசஸ் டி கோஸ்டா. மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கும் போர்த்துகீசிய வம்சத்துப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும், விதவை. நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். நாலு தோட்டத்து கேட்டுகள் அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் முழந்தாளிட்டிருப்பார். வெளியே வந்ததும் என்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார். மலாயில்தான் பேசுவார். ஆயாக்களிடம் கற்ற கொஞ்சம் தமிழும் வரும்.

வேலையை அவர் எனக்குச் சொல்லித் தந்த விதம் இன்னும் என் கையில் இருக்கிறது. அத்தாப்பு ஓலையால் மறைத்த ஒரு தடுப்பு. ஒரு நேரத்தில் ஒருத்தி. முதலில் வாளியைக் கீழே வைக்கச் சொல்ல வேண்டும். தலைத்துணியை அவளே அவிழ்க்க வேண்டும், நான் உருவக் கூடாது. பிறகு கொண்டை, கழுத்து, அக்குள், இடுப்புக் கொசுவம், தொடை, கணுக்கால். இந்த வரிசை மாறக் கூடாது. வரிசை தெரிந்திருந்தால் அடுத்து எங்கே கை வரும் என்று அவளுக்குத் தெரியும், பயம் குறையும் என்பார். உள்ளங்கையால் தொடவே கூடாது, புறங்கையால்தான். முகத்தைப் பார்க்கக் கூடாது.

"மன்னிச்சிக்கங்க சொல்லாதே, ரோசாலி" என்பார் தன் அரைகுறைத் தமிழில். "நீ சொன்னா அவளுக்கு வெட்கம் ரெண்டு மடங்கு."

முதல் மாதம் என்னென்னவோ அகப்பட்டது. மடியில் நெத்திலி, கொசுவத்தில் ஒரு கட்டி வெல்லம். பெரும்பாலும் பசிக்குத் தின்னக் கொண்டுபோனதுதான். எடுத்து வைத்துவிட்டு எச்சரித்து அனுப்புவோம். பச்சரிசியோ புழுங்கலரிசியோ, சமைக்காத அரிசி அகப்பட்டால் மட்டும் அப்படியில்லை. யாரும் அரிசியைக் கொறித்துக்கொண்டு மரம் வெட்டுவதில்லை. அது காட்டுக்குப் போகிற அரிசி. அதற்குத் தடுப்புமுகாம், வருடக்கணக்கில்.

எங்கள் லயத்தில் மூன்றாவது கதவு பாக்கியக்கா வீடு. முப்பது வயது, புருசன் காய்ச்சலில் போய்விட்டான், பிள்ளை இல்லை. அவளுக்கு இருந்தது ஒரே தம்பி, மாணிக்கம். தொழிற்சங்கக் கூட்டம் என்று அலைந்தவன் ஒருநாள் காணாமல் போனான். காட்டுக்குப் போய்விட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அம்மா படுக்கையில் கிடந்த நாட்களில் எங்கள் தொட்டியில் தண்ணீர் நிரப்பியவன் அவன்தான்.

ஒரு காலையில் பாக்கியக்காவின் கொண்டையில் புறங்கை பட்டபோது உள்ளே மணல்போல நறநறத்தது. ஒரு சின்னத் துணிமுடிச்சு. இரண்டு பிடி அரிசி இருக்கும். வெளியே கான்ஸ்டபிள் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். அவள் அசையாமல் நின்றாள். அவள் கழுத்தில் வேர்வை இறங்குவது தெரிந்தது. கலைந்த கொண்டையை நானே முறுக்கி முடிந்துவிட்டேன்.

"போங்கக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கொண்டையை நான் தொடவே இல்லை. வரிசையில் அவள் வந்தால் கழுத்திலிருந்து ஆரம்பிப்பேன். இரண்டு மாதம் அப்படி ஓடியது. உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மாதமும் எனக்கு மிதப்பாக இருந்தது. என்னைச் செக்கிங்காரி என்று காறித் துப்புகிற இந்த லயத்துக்குத் தெரியாமல் நான் ஒரு புனிதை என்ற நினைப்பு.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். பாவம் என்று சொன்னேனா, பெருமையாகச் சொன்னேனா, தெரியவில்லை. எங்கள் சாமியார் பிரெஞ்சுக்காரர். புத்தகத் தமிழில் மெதுவாகப் பேசுவார்.

"அகப்பட்டால் நீயும் சிறைக்குப் போவாய். அறிவாயா?"

"தெரியும் சாமி."

"அவளோடு போக ஆயத்தமாக இருக்கிறாயா?"

அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை மிஸ்ஸி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சாதாரணமாக வெளியே மேசையருகே நிற்பவர், அன்று தடுப்புக்குள்ளேயே வந்து ஒரு கைத்தூரத்தில் நின்றுகொண்டார். நான் வரிசைப்படி செய்துகொண்டு வந்தேன். ஒன்பதாவதாக பாக்கியக்கா உள்ளே வந்தாள். மிஸ்ஸியைப் பார்த்ததும் அவள் கால் பின்வாங்கியது. பின்னால் கான்ஸ்டபிள் நின்றான். திரும்ப வழியில்லை.

தலைத்துணியை அவிழ்த்தாள். என் கை கொண்டைக்குப் போனது. முடிச்சு இருந்தது. முன்பு இருந்ததைவிடப் பெரியது.

மிஸ்ஸி அப்போது என்னைப் பார்க்கவில்லை. கையில் இருந்த அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நான் கையை எடுத்துக் கழுத்துக்குப் போயிருக்கலாம். நூற்றுக்கு நூறு தப்பியிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்கவில்லை. அவர் கேட்பதற்கு முன்னால் என் வாய் சொல்லிவிட்டது.

"இருக்கு, மிஸ்ஸி."

பாக்கியக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கக் கூடாது என்ற பழக்கத்தை அன்று நான் நன்றாகக் கடைப்பிடித்தேன். கீழே அவளுடைய பால் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் இருந்த பெண்களை நான்தான் சோதித்து முடித்தேன்.

மறுநாள் மதியம் மிஸ்ஸியும் நானும் அலோர் காஜா போலீஸ் நிலையத்துக்கு வரவேண்டும் என்று ஆள் வந்தது. சாட்சி எழுதத்தான் என்று நினைத்துப் போனேன். இன்ஸ்பெக்டர் மலாய்க்காரர். மரியாதையானவர், குரலை உயர்த்தவே மாட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் மலாக்கா கோர்ட்டுக்குப் போய்விட்டாராம்.

"உனக்கு இரண்டு மொழியும் தெரியுமே. நீயே சொல்லு" என்று என்னை அவர் மேசைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

பாக்கியக்காவைக் கொண்டுவந்தார்கள். முடி அவிழ்ந்து கிடந்தது. எதிரில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மிஸ்ஸி சன்னலோரம் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தத் துணிமுடிச்சை மேசையில் வைத்தார். "இவ்வளவு பக்குவமாகக் கட்டியிருக்கிறாள். இது முதல் தடவை இல்லை. இதற்கு முன்னால் எப்படி வெளியே கொண்டுபோனாள் என்று கேள்."

நான் கேட்டேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

அவள் அவிழ்ந்து கிடந்த முடியை அள்ளிப் பின்னால் போட்டுக்கொண்டாள்.

"கேட்டில் யாரோ விட்டிருக்கிறார்கள். யார் என்று பெயரைச் சொன்னால், நான் அதை எழுதி அனுப்புவேன். தண்டனை குறையும். தெளிவாகச் சொல்லு அவளிடம்."

அதையும் நான்தான் சொன்னேன். என்னைக் காட்டிக்கொடுத்தால் உனக்கு நல்லது என்று என் வாயாலேயே அவளுக்கு எடுத்துச் சொன்னேன். மாற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். கதவோரம் நின்ற சார்ஜெண்டுக்குக் கொஞ்சம் தமிழ் புரியும். அந்தப் பயத்தில் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

பாக்கியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. சந்தையில் ஒரு பொருளை வாங்கலாமா வேண்டாமா என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"கேட்டு வழியா கொண்டுபோகல" என்றாள். "வேலியில ஒரு ஓட்டை. அது வழியா தள்ளி வச்சிட்டு, வெளிய போயி எடுத்துக்குவேன்."

நான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலியை அறுத்தது என்று எழுதினால் அது வேறு குற்றம், இன்னும் பெரியது. புரிகிறதா என்று கேள்."

"அக்கா, வேலியை அறுத்தா இன்னும் பெரிய கேசாம். புரியுதான்னு கேக்கறாரு."

"புரியுது. எழுதிக்கச் சொல்லு."

"அக்கா..."

"நீ கேட்டதைக் கேட்டாச்சி. நான் சொன்னதைச் சொல்லு."

சொன்னேன். எழுதிக்கொண்டார். அவளுக்கு எழுத்துத் தெரியாது, கட்டைவிரலில் மை தடவி ஒற்றினார்கள். அந்தக் காகிதத்தில் மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

திரும்பும்போது வேனில் பின்னால் நானும் மிஸ்ஸியும் மட்டும். வேன் தோட்டத்துச் செம்மண் ரோட்டுக்குத் திரும்பியது. பிறகு வெளியே பார்த்தபடியே மலாயில் சொன்னார்.

"ஒவ்வொரு தடவை வரும்போதும் அந்த வேலியைச் சுற்றி நடக்கிறேன். நேற்றும் நடந்தேன். அதில் ஓட்டை இல்லை."

அம்மாவை நினைத்தேன். சாமியார் கேட்ட கேள்வியை நினைத்தேன். வேன் லயத்து முன்னால் நின்றது. நான் இறங்கக் கால் எடுத்தபோது, "நாளைக்கு ஐந்தரை மணி. லேட்டாக வராதே" என்றார். அவ்வளவுதான். வேன் போய்விட்டது.

அன்று சாயங்காலம் எங்கள் தோட்டத்து வேலியின் ஒரு மூலையில் புதுக் கம்பி சுற்றினார்கள். ஓட்டையைத் தேடி அடைத்ததாகப் பேச்சு. அடைக்க அங்கே ஒன்றும் இருந்திருக்காது. யார் சொல்லிச் செய்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

ரொம்ப காலம் கழித்து, மிஸ்ஸி ஓய்வு பெறப் போகும் சமயத்தில் துணிந்து கேட்டேன். ஏன் ரிப்போர்ட் பண்ணவில்லை என்று. அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானை இல்லாத தன் கவுனின் ஓரத்தில் துடைத்துக்கொண்டே சொன்னார், "ரிப்போர்ட் மூணு காப்பி எழுதணும், ரோசாலி. அன்னிக்கு எனக்குக் களைப்பு." அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் வாங்க முடியவில்லை.

பாக்கியக்காவை வடக்கே ஒரு தடுப்புமுகாமுக்கு அனுப்பினார்கள். அம்மா இறந்தாள். நான் அதே கேட்டில் அதே வரிசையில் கொண்டை, கழுத்து, அக்குள் என்று நின்றேன். விட்டுவிடலாம் என்று தினமும் நினைப்பேன். விட்டால் வேறு ஒருத்தி வருவாள், அவள் உள்ளங்கையால் தொடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது பாதி உண்மை. மீதி, எனக்குப் போக வேறு இடமில்லை.

பிறகு விமானத்திலிருந்து சீட்டு போட்டார்கள். காட்டிலிருந்து வெளியே வந்து சரணடைந்தால் கொல்ல மாட்டோம், நல்லபடி நடத்துவோம் என்று நாலு மொழியில் அச்சடித்த சீட்டு. மரக்கிளையெல்லாம் காகிதம் தொங்கியது. அதில் ஒன்றைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மாணிக்கம் வெளியே நடந்து வந்தான். துப்பாக்கி தூக்கியவன். அவனுக்குச் சிறை இல்லை. சில மாதம் விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அலோர் காஜாவில் ஒரு மரக்கடை லாரி ஓட்ட வேலையும் கிடைத்தது. அவனுக்கு இரண்டு பிடி அரிசி கொடுத்தவள் முள்வேலிக்குள் இருந்தாள்.

ஒருநாள் பட்டணத்தில் ஒரு முஸ்லிம் அண்ணன் கடை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், முப்பது வயதுக்குள் கிழவன்போல இருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே போய்க் கேட்டேன்.

"உன்னால உள்ள போனவங்களை மறந்துட்டியா?"

"போயி கேட்டேன், ரோசாலி. மூணு ஆபீசு ஏறி எறங்கிட்டேன்" என்றான். கண்ணாடி கிளாசைக் கீழே வைத்தான். "எனக்குக் குடுத்த மன்னிப்பு அவளுக்குச் செல்லாதாம். அவ சீட்டு எடுத்துக்கிட்டு காட்டுலேர்ந்து வரலையாம்."

இது என்ன நியாயம் என்று சாமியாரிடம் போய்ச் சத்தம் போட்டேன். கோயில் முற்றத்தில் நின்று, அழுகையும் கோபமுமாக. அவனுக்கு எதற்கு மன்னிப்பு, அவன் என்ன செய்து அதற்குத் தகுதியானான் என்று கேட்டேன். பாக்கியக்கா என் பெயரைச் சொல்லாததை அவர் முன்பே என் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டிருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, நிற்க முடியாமல் தூணில் சாய்ந்துகொண்டார்.

"உனக்குக் கிடைத்தபோது நியாயம் கேட்டாயா?" என்றார்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதம் பூசைக்குப் போகவில்லை.

மூன்று வருடத்துக்கும் மேலாகி பாக்கியக்கா வெளியே வந்தாள். தோட்டத்துக்குத் திரும்பவில்லை. தம்பியோடும் இருக்கவில்லை. தங்கா பத்து என்ற ஊர்ப் பக்கம், கடலோரத் தென்னந்தோப்பில் தேங்காய் உலர்த்தும் வேலையில் இருக்கிறாள் என்று மாணிக்கம் சொன்னான். போவதற்கு எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆயிற்று. இரண்டு சேலை, ஒரு ஓவல்டின் டின், பிஸ்கட் எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் வெயிலில் பரப்பியிருந்த தேங்காய்ப் பருப்பைக் கோலால் புரட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். முழுக்க நரை. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. ஒரு வரிசையை முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

"ஒடம்பு எளைச்சிட்ட" என்றாள்.

பையை நீட்டினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இது எதுக்கு?"

"சும்மாதாக்கா. உங்களுக்காக..."

"சும்மான்னா வேணாம். எதுக்காவதுன்னாலும் வேணாம். இதை இங்க வச்சிட்டு நீ நிம்மதியா போயிருவ. கொண்டு போயிரு, புள்ள."

பஸ்ஸில் வரும்போது சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் போய்விட்டன. மிச்சம் இருந்த ஒன்றைத்தான் கேட்டேன்.

"ஏங்கக்கா அன்னிக்கு என் பேரைச் சொல்லல?"

அவள் யோசித்தாள். உண்மையிலேயே யோசித்தாள், எனக்காக ஒரு பதிலைத் தயார் பண்ணவில்லை.

"தெரியல. சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். ஓட்டைன்னு வந்திருச்சி."

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"அது இன்னும் முடியல, ரோசாலி" என்றாள். "நீ 'இருக்கு'ன்னு சொன்னது இன்னும் காதுல கேட்டுக்கிட்டேதான் இருக்கு. உள்ள இருந்தப்ப தெனம் கேக்கும். இப்ப வாரத்துக்கு ஒருக்கா கேக்குது. பொய் சொல்லக் கூடாதில்ல." கோலை மரத்தில் சாய்த்து வைத்தாள். "ஆனா நாளைக்கே அந்த இன்ஸ்பெக்டர் மறுபடி கூப்பிட்டுக் கேட்டாலும், ஓட்டைன்னுதான் சொல்லுவேன்."

அந்தத் தலைப்புக்கு நான் எழுதக்கூடியது இவ்வளவுதான். மன்னிக்காதவள் எனக்குக் கொடுத்ததை வைத்துத்தான் அதற்குப் பிறகு இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். இருபத்தைந்து வருடம் லாக்கப்பில் எத்தனையோ பேரைச் சோதித்தேன். அகப்பட்டதை எழுதினேன். சிலதை எழுதவில்லை. எழுதாததில் ஒன்றுக்குக்கூட என்னைப் புனிதை என்று நினைத்துக்கொண்டதில்லை. பாக்கியக்கா எனக்குச் சினேகிதி ஆகவில்லை. கடைசிவரை இரண்டு மூன்று தடவைதான் பார்த்தேன்.

தென்னந்தோப்புக்குப் போன அன்று மதிய வெயில் நெருப்பாய் இருந்தது. மலாக்கா பஸ்ஸுக்கு ரோட்டோரம் நிற்க வேண்டும், நிழலுக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. நான் பையோடு நடந்தபோது அவளும் கூடவே வந்தாள். பஸ் வரவில்லை. அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. அவளுக்கு வேலை கிடந்தது. தேங்காய்ப் பருப்பில் காகம் இறங்கியிருக்கும்.

"நீங்க நிக்க வேணாங்கக்கா, போங்க" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

பஸ் வரும்வரை நின்றாள்.